பக்கத்து விளைவுகள்

படிவத்தில் ஓர் எழுத்துப் பிழை.
பக்க விளைவுகள் என்றிருக்க வேண்டிய இடத்தில்
பக்கத்து விளைவுகள்.
கொழும்பில் யாரோ தட்டச்சு செய்து
யாரும் வாசித்துப் பாராமல்
லிந்துலை வரை மலையேறி வந்துவிட்டது.
மெர்வின் சிரித்தான்:
"மிஸ், பக்கத்து வூட்டுக்காரனுக்கு
என்னா நடந்துச்சுன்னு கேக்குறாங்க."

திங்கள் காலை ஒன்பதரைக்கு
ஏழு பேர் இரண்டாவது ஊசியை ஏற்றிக்கொண்டோம்.
எத்தனையோ ஆயிரம் தோள்களில் குத்திய கை எனக்கு.
என் முறை வந்ததும்
சுவரைப் பார்த்துக்கொண்டேன்.
சுவரில் தாய்ப்பால் ஊட்டும் பெண்ணின் படம்,
ஈரத்தில் ஊறி மூக்கு அழிந்திருந்தது.

பகல் முழுக்க ஒன்றுமில்லை.
தோளில் மட்டும்
யாரோ விரலை ஊன்றிவிட்டு
எடுக்க மறந்த மாதிரி.

இரவு டியூட்டி.
பதினொரு மணிக்குக் குளிர் வந்தது.
இந்த மலையின் குளிர் எனக்குத் தெரியும்,
அது பாதத்திலிருந்து ஏறும்.
இது எலும்புக்குள் பிறந்து
வெளியே வர வழி தேடியது.
இருந்த ஒரே தெர்மாமீட்டரை
துடைத்துத் துடைத்துக் கைமாற்றினோம்.
எனக்கு நூற்றொன்று.
குமுதுனிக்கு நூற்றிரண்டு.
மெர்வினுக்குத் தொண்ணூற்றெட்டு,
அதில் அவனுக்கு ஏமாற்றம்:
"எனக்கு மட்டும் தண்ணியக் குத்திட்டாங்களோ?"

வீட்டுக்குப் போ என்று சொல்ல
ஆள் இல்லை.
சொல்லியிருந்தாலும்
என் இடத்தில் நிற்க ஆள் இல்லை.
இரண்டு பனடோலை விழுங்கிவிட்டு
பதினாலாம் கட்டிலுக்குச் சேலைன் மாற்றப் போனேன்.
இடக்கை உயர மறுத்தது.
வலக்கையால் அதைத் தூக்கி
கொக்கிவரை கொண்டுபோனேன்,
வேறு யாருடையதோ போல.

ஒன்பதாம் கட்டில் அன்னப்பாக்கியம்,
மேல் டிவிசன்,
அட்டை கடித்த புண் பழுத்து வந்தவள்.
என் நடையையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.
"மிஸ், நீங்க செத்த படுங்க. நா முழிச்சிருக்கேன்."
படுக்கக்கூடாது என்றேன்.
"அப்ப ஒக்காருங்க.
ஒக்காந்தா பேர வெட்டிப்புட மாட்டாங்கல்ல?"
பிளாஸ்கிலிருந்து பிளேன்டி ஊற்றினாள்.
சீனியை என் உள்ளங்கையில் கொட்டினாள்.
கை கழுவு கை கழுவு என்று
நாள் முழுக்கக் கத்துகிறவள் நான்,
நக்கினேன்.

நாற்காலியில் தலை சாயும்போதெல்லாம்
அவள் குரல்தான் எழுப்பியது.
"மிஸ், அஞ்சு முடியப் போவுது."
"மிஸ், பதினொன்னுல சொட்டு நின்னுபோச்சு."

காலையில் படிவம்.
காய்ச்சல்: ஆம்.
நடுக்கம்: ஆம்.
ஊசி போட்ட இடத்தில் வலி: ஆம்.
இழந்த வேலை நேரம்: இல்லை.
அந்த இல்லையில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
கடைசிப் பெட்டி, ஏனைய பக்கத்து விளைவுகள்.
எழுதினேன்:
ஒன்பதாம் கட்டில் நோயாளி தூங்கவில்லை.

மூன்று மாதம் கழித்து
கொழுந்து மடுவத்தில் ஊசி.
தராசை ஓரம் தள்ளி மேசை போட்டிருந்தார்கள்.
கேட்டால் ஒன்னும் செய்யாதுன்னு சொல்லுங்க,
பயந்து ஓடிருவாங்க என்று
வேனிலேயே சொல்லித் தந்திருந்தார் பரிசோதகர்.
வரிசையில் முதல் ஆள்
அன்னப்பாக்கியம்.
கணுக்காலில் தழும்பு கறுத்திருந்தது.
மடுவம் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டாள்:
"ஒன்னும் செய்யாதுதானே மிஸ்?"

அவளுக்கா தெரியாது?

"செய்யும்" என்றேன்.
"ஒரு ராத்திரி குளிரும். மேலெல்லாம் வலிக்கும்.
நாளைக்குக் கூடையத் தூக்க ஏலாமப் போகலாம்.
பெறகு போயிரும்."
பரிசோதகர் செருமினார்.
வரிசையின் நடுவிலிருந்து ஒரு குரல்:
"அப்ப நாளைக்குப் பேரு?"

எல்லாரும் கணக்கப்பிள்ளையைப் பார்த்தார்கள்.
அவர் தராசைப் பார்த்தார்.

மூன்று பேர் விலகிப் போனார்கள்.
போகட்டும், நாளை லயத்துக்கே போய்ப் பேசலாம்.
மற்றவர்கள் நின்றார்கள்,
மழைக்கு நிற்கிற மாதிரி.

அன்னப்பாக்கியம் ஸ்டூலில் உட்கார்ந்து
இரண்டு கைகளையும் நீட்டினாள்.
விரல் நுனிகளில் கொழுந்துக் கறை.
"எதுல குத்தப் போறீங்க?
ரெண்டும் வேலக்கையி மிஸ்.
நீங்களே ஒன்னச் சொல்லுங்க."